கொட்டகையில் நிற்கும் கார்கள்: வடசென்னையில் வீட்டிலேயே பழைய கார் சீரமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

புழல், காவாங்கரை, கதிர்வேடு, செங்குன்றம், மாதவரம் வட்டாரங்களில் பழைய காரை வீட்டுக் கொட்டகையிலேயே சீரமைத்துவரும், சீரமைக்க எண்ணியிருக்கும் அனைவருக்கும்:

பழைய கார் ஒன்றை வீட்டில் சீரமைப்பது ஆறு கட்ட வேலை. முதலில் ஆவணம், அடுத்து பாடி, பிறகு பிரேக்கும் சஸ்பென்ஷனும், நான்காவது என்ஜினும் பெட்ரோல் வழியும், ஐந்தாவது வயரிங், கடைசியில்தான் பெயின்ட். பாதியில் நின்றுபோகும் கார்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகியிருக்கும். பளபளப்புக்கு முதலில் பணம் போயிருக்கும், ஒரு மழைக்காலம் கழிந்ததும் கதவின் அடிவிளிம்பில் கொப்புளம் கிளம்பியிருக்கும், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்ற தேடல் அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும். கொட்டகையில் எதைச் செய்யலாம், எதை வெளியே கொடுக்க வேண்டும், எதை எப்போது தொட வேண்டும் என்பதே இம்மடலின் பொருள்.

இந்த வேலைக்கு வடசென்னை வாகான இடம். ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. லாரிக்குப் பெயர்போன அசோக் லேலண்டு 1955இல் அந்தப் பெயரைப் பெறுவதற்கு முன், தொடக்கத்தில் ஒரு கார் நிறுவனம். அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு வேரூன்றியது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், அதற்கு மறு ஆண்டு வந்த பிரேக்ஸ் இந்தியா, பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று பிஸ்டனும் டைனமோவும் பிரேக் சிலிண்டரும் செய்யும் ஆலைகள் இதே பகுதியில் அடுத்தடுத்து எழுந்தன. ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள் பெருகின. ஜி.என்.டி. சாலையின் லாரிப் போக்குவரத்து, ரேடியேட்டர் வேலை, பட்டை ஸ்பிரிங் வேலை, டிங்கரிங் தெரிந்த கைகளைப் புழலைச் சுற்றியே வைத்திருக்கிறது. ஆகவே இங்கே ஒரு வீட்டுக் கொட்டகைக்கு முழுப் பட்டறையின் கருவிகள் தேவையில்லை. கழற்றுவது, சுத்தம் செய்வது, அளப்பது, பூட்டுவது ஆகியவை கொட்டகைக்கு உரியவை. கடைசலும் வார்ப்பும் முலாமும் வெளிப் பட்டறைக்கு உரியவை.

இப்பகுதிக் கொட்டகைகளில் நிற்கக்கூடியவை பெரும்பாலும் மூன்று வகை: அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றின் உடற்கூறும் ஒன்றல்ல. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடருக்கும், ஃபியட் 1100இன் வழிவந்த பத்மினிக்கும் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டுப் பாடியே எடையைத் தாங்குகிறது. தரைத்தகடும் கதவடிப் பெட்டியும் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போனதாகப் பொருள். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் 1971 வரை தயாரான ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. அதன் பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் பூட்டப்பட்டது. பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். 948 சிசி என்ஜினை நின்றபடியே எட்டலாம். வீட்டில் முதன்முதலாக இறங்குபவருக்கு ஏற்றது இந்தக் கார்தான். எண்ணூரின் ஆஸ்டின் ஏ40க்கும் தனி சேசிஸ் உண்டு; 1200 சிசி என்ஜின். முன் சக்கரங்களுக்கு ஹைட்ராலிக், பின் சக்கரங்களுக்குக் கம்பி இணைப்பு என்ற கலப்புப் பிரேக் அதற்கு. நட்டு, போல்ட்டிலும் வேறுபாடு உண்டு. பிரிட்டிஷ் வழிக் கார்களில் அங்குல அளவு, பத்மினியில் மில்லிமீட்டர் அளவு. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கும். பிறகு அதை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆவணம் முதல் வேலை. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு படிவம் 31 மூலம் பெயர் மாற்றம் கோரலாம். ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகாருடன் படிவம் 26 கொடுத்து நகல் பெற வேண்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நிறத்தையோ என்ஜினையோ மாற்றினால் அதுவும் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

50 ஆண்டைக் கடந்த காருக்கு இன்னொரு வழி உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவத்திலேயே பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘வின்டேஜ்’ எனப் பதிவாகலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் பழைய மதராஸ் எண்களை இழக்க விரும்பாதவர்களுக்கு இது முக்கியம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தப் பதிவு கிடைக்காது. ஒருகாலத்தில் செலவு குறைக்க அம்பாசிடர், பத்மினிகளில் டீசல் என்ஜின் ஏற்றியது பரவலான வழக்கம். அப்படிப்பட்ட காரை வாங்குபவர் இதை முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை கோயம்பேடு போய்வரக் காரா, ஆண்டுக்கொருமுறை அணிவகுப்புக்குக் காரா என்பது முதல் நட்டைக் கழற்றுமுன் முடிவாக வேண்டிய கேள்வி.

அடுத்தது கொட்டகை. அம்பாசிடரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர். கதவை முழுதாகத் திறந்து சுற்றிவர ஆறு மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அகலமும் வேண்டும். தரை காங்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி சாயும். தூக்கிய காரை இரும்பு ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். ஹாலோ பிளாக்கை அண்டக் கொடுப்பது பலர் செய்வது. அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வெல்டிங் நடக்கும் நாளில் பெட்ரோல் டேங்க் காரிலிருந்து கழன்று கொட்டகைக்கு வெளியே இருக்க வேண்டும். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாகப் போகிறது. அந்தத் தாழ்வுப் பகுதிகளில் உள்ளவர்கள் அக்டோபருக்குள் காரை ஸ்டாண்டில் உயர்த்தி, கழற்றிய என்ஜினைப் பலகை மேல் ஏற்றிவிடுவது நல்லது.

கழற்றும் கட்டத்தில் கையை விடக் கேமராவுக்கு அதிக வேலை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். திருகுகள் தனித்தனிப் பையில். பையின் மேல் இடம், எண்ணிக்கை, தேதி. இரண்டு ஆண்டு கழித்துப் பூட்டும்போது நினைவு உதவாது, இந்தப் பைதான் உதவும்.

பாடி வேலை துருவைத் தேடுவதில் தொடங்குகிறது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்று. புழலில் ஏரிக்கரை ஈரம். துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஒன்றே: கதவடிப் பெட்டி, கதவின் அடிமடிப்பு, மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகடு, டிக்கித் தரை, பின் பட்டை ஸ்பிரிங் பூட்டும் இடம். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பாடியின் மேல் நகர்த்தினால், பட்டி தடிமனாகப் போட்ட இடத்தில் அது பிடிக்காமல் நழுவும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும்; அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

அரித்த தகட்டை வெட்டுமுன் அம்பாசிடரிலும் பத்மினியிலும் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவைச் சாத்தி, அதன் நான்கு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கதவைக் கழற்றி, முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே இரும்பு ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் கதவடிப் பெட்டியை அறுத்தால் கூரையின் எடையில் பாடி சில மில்லிமீட்டர் தொய்யும். புதுத்தகடு வைத்து முடித்ததும் கதவைச் சாத்த முடியாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பழைய தகட்டின் தடிமனை அளந்து அதே கேஜில் புதுத்தகடு வாங்க வேண்டும். குச்சி வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும், சி.ஓ.2 வெல்டிங்கோ கேஸ் வெல்டிங்கோ ஏற்றது. இரண்டு சென்டிமீட்டர் இங்கே, அடுத்தது எதிர்முனையில், சூடு ஆறியதும் மீண்டும் நடுவில் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் தகடு நெளியாது. உரித்த இரும்பை இந்தக் காற்றில் ஓர் இரவு விட்டாலே செம்மை படரும். அன்று உரித்ததற்கு அன்றே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை. பெட்டிப் பகுதிகளின் உட்புறம் மெழுகுப் பூச்சு வேண்டும். கதவடி வடிகால் துளைகளைப் பட்டி அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் மழைநீர் உள்ளேயே தங்கும்.

பிரேக் வேலையில் சிக்கனம் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் இறக்க வேண்டும், இல்லையேல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் அவை உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியதும் அதன் கொதிநிலை இறங்கும், குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஓடாமல் நிற்கும் காருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். சஸ்பென்ஷனில் அம்பாசிடரின் முறுக்குத் தண்டும், பத்மினி, ஹெரால்டு கார்களின் முன் சுருள் ஸ்பிரிங்கும் பெரும் விசையை அடக்கி வைத்திருப்பவை. தகுந்த கருவி இல்லாமல் கழற்றினால் எலும்பை முறிக்கும். இந்த ஒரு வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பல ஆண்டு நின்ற என்ஜினைச் செல்ஃப் அடித்தோ, தள்ளியோ, வேறு வண்டியில் கட்டி இழுத்தோ கிளப்பக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றி, கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் என்ஜினைப் பிரிக்கத் தேவையில்லாமல் போகலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. ரீபோர் தேவைப்பட்டால், அம்பாசிடருக்கும் ஹெரால்டுக்கும் பிஸ்டன் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 30, 40 என்ற கூடுதல் அளவுகளில் வரும். பழைய மாடலுக்கு எல்லா அளவும் கடையில் இருக்காது. பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும். போர் அடித்துவிட்டு பிஸ்டன் தேடுவது பிளாக்கைப் பலி கொடுப்பதில் முடியும்.

ஹெட் பிரிக்கப்படும்போது கவனிக்க வேண்டியது வால்வு சீட். இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. இந்தியா முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டில் கடினப்படுத்திய சீட் வளையம் இறக்கினால், நெடுஞ்சாலை ஓட்டத்தில் சீட் தேய்ந்து உள்வாங்குவதைத் தவிர்க்கலாம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்களை இளக்கும். ஈரத்தை இழுத்து டேங்க்கின் அடியில் துரு சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் போட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். கலவை மெலிவதால் ஜெட்டைச் சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டரைப் பட்டறையில் குத்திச் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து சில கோடைகளிலேயே குழல்கள் அடைபடும்.

வயரிங்கில் முதல் சோதனை எர்த். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும். அதை அறியாமல் இக்காலக் காருக்குப் போல நெகட்டிவை எர்த் செய்தால் டைனமோவும் அதனுடன் சேர்த்த நவீனக் கருவிகளும் பழுதாகும். லூகாஸ் வயர்களின் நிறம் ஒரு வரைபடம் போன்றது: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். இடையிடையே ஒட்டுப்போட்ட பழைய வயரைத் தக்கவைப்பதைவிட, அதே நிறங்களில் புதுக் கட்டு கட்டிப் போடுவது பாதுகாப்பு. பேட்டரி அருகே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால், கொட்டகையில் யாருமில்லாத இரவில் தீப்பற்றும் வாய்ப்பு குறையும்.

பெயின்ட் கடைசி. என்.சி. பெயின்ட் ஈரக்காற்றில் உலர்ந்தால் வெண்படலம் பூக்கும். சென்னையில் அதற்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி முதல் மே வரை. பி.யூ. பெயின்ட் அதிக நாள் உழைக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அது வீடுகளுக்கு நடுவே உள்ள கொட்டகைக்கு உரியதல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பிரைமர் சமன்செய்வதும் வீட்டில், இறுதிப் பூச்சு பெயின்ட் பூத்தில் என்று பிரித்துக்கொள்ளலாம். பம்பர் குரோம் முலாமும் அப்படியே வெளிவேலை. ரப்பர் பீடிங், கண்ணாடி, சீட் ஆகியவை பெயின்ட் காய்ந்த பிறகு வரும்.

முதல் ஓட்டம் கொட்டகை வாசலில் பிரேக் சோதனையோடு தொடங்க வேண்டும். ரீபோர் செய்த என்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு மணிக்கு 50ஐத் தாண்டாமல் ஓட்டி, பின் ஆயில் மாற்றி, ஹெட் நட்டுகளையும் டேப்பெட் இடைவெளியையும் சரிபார்த்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

தனித்தனிக் கொட்டகைகளாக இருப்பதைவிடக் கூட்டாகச் சேர்ந்தால் கைகூடுபவை சில உண்டு. செயின் பிளாக், கம்ப்ரஷன் கேஜ், ஸ்பிரிங் அமுக்கி போன்றவை ஒரு காருக்குச் சில நாளே தேவைப்படும். பத்துப் பேருக்கு ஒன்று போதும். கதவு ரப்பரை அச்சு வார்த்துத் தரும் பட்டறைகள் ஒரு காருக்கு மட்டும் வார்ப்பதில்லை. பத்துக் காரின் தேவை சேர்ந்தால் வார்க்கும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் எந்தப் பாகம் எந்தக் கடையில் கிடைத்தது என்ற குறிப்பை ஒரே நோட்டில் எழுதிவைத்தால் அடுத்தவரின் அலைச்சல் மிச்சம். மூலப் பாகம் எப்படி இருந்தது என்று பார்க்க, வடபழனி ஏவிஎம் ஸ்டுடியோவில் 2023இல் திறந்த பாரம்பரிய அருங்காட்சியகமும் கோவையின் ஜீடி கார் அருங்காட்சியகமும் உள்ளன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் அணிவகுப்புகளில் பழைய கார்களையும் அவற்றைப் பேணுபவர்களையும் ஒரே இடத்தில் சந்திக்கலாம்.

கழிவு ஆயில் விஷயத்தில் கூட்டுப் பொறுப்பு இன்னும் கூடுதல். புழல் ஏரி சென்னையின் குடிநீர் ஏரி. வடித்த என்ஜின் ஆயில், பழைய கூலன்ட், தின்னர் எதுவும் மழைநீர் வடிகாலுக்கோ மண்ணுக்கோ போகக் கூடாது. மூடியுள்ள கேன்களில் தனித்தனியே சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். சிறு அளவை வந்து எடுக்க மாட்டார்கள் என்பதால் இதையும் பல கொட்டகைகள் சேர்ந்தே செய்ய முடியும்.